மூளைக் கட்டிக்கு ட்ரீட்மென்ட்ல இருக்கிற அப்பா அம்மாவ பாத்துக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்கப்பாவுக்கு 64 வயசுல மூளையில வலது பக்கம் கட்டின்னு கண்டுபிடிச்சாங்க, கிளியோபிளாஸ்டோமான்னு வேகமா வளர்ற மூளைப் புற்றுநோய், கிரேடு 4. ஆபரேஷன், கரண்ட் (ரேடியேஷன்), கீமோ எல்லாம் பாத்தாச்சு. வார்டுல பக்கத்து பெட்காரங்க நம்பர் வாங்கிட்டுப் போனாங்க, அவங்க இன்னொருத்தருக்குக் கொடுத்தாங்க, இப்ப மாசத்துக்கு நாலஞ்சு பேராவது போன் பண்றாங்க. பாதி கேள்வி ஒரே கேள்விதான், அதனால அவங்க கேட்ட மாதிரியே இங்க எழுதி வச்சிருக்கேன். நான் டாக்டர் இல்ல. எந்த மாத்திரையையும் இதப் படிச்சிட்டு கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும் வச்சுக்கோங்க.

அக்கா, ஆபரேஷன்ல கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு கரண்ட் வைக்கணும்?

இந்த வகைக் கட்டி எலுமிச்சம்பழம் மாதிரி தனியா உருண்டையா இருக்காது, அருகம்புல் வேர் மாதிரி சுத்தி இருக்கிற நல்ல மூளைக்குள்ள ஓடியிருக்கும். ஸ்கேன்ல தெரியுறத எடுத்துடுவாங்க, தெரியாதது உள்ள இருக்கும். அதுக்குத்தான் ரேடியேஷன், நம்ம ஊர்ல கரண்ட் வைக்கிறதுன்னு சொல்றது. வழக்கமா வாரத்துக்கு 5 நாள், 6 வாரம், மொத்தம் 30 தடவை, 60 கிரே (கிரேங்கிறது ரேடியேஷன் அளவு). கூடவே டெமோசோலோமைடுன்னு கீமோ மாத்திரை தினமும் சின்ன டோஸ், அது முடிஞ்சு ஒரு மாசம் ரெஸ்ட், அப்புறம் 28 நாளைக்கு ஒரு தடவை 5 நாள் மட்டும் பெரிய டோஸ், இப்படி 6 சுத்து. 2005ல இருந்து உலகம் பூரா இதுதான் அடிப்படை. ரொம்ப வயசானவங்களுக்கு 15 தடவையோட முடிக்கிறதும் உண்டு, குறைச்சுட்டாங்களேன்னு சண்டைக்குப் போக வேண்டாம்.

கரண்ட்னு சொன்னதும் ஷாக் அடிக்கும்னு எங்கப்பா நெனச்சிட்டு இருந்தார். வலி எதுவும் இல்ல. முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வலை மாஸ்க் செஞ்சு டேபிளோட சேத்து மாட்டிடுவாங்க, அதுதான் சிலருக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

டெக்ஸான்னு ஒரு குட்டி மாத்திரை தர்றாங்க, அது ஆரம்பிச்சதுல இருந்து அப்பா ராத்திரி 2 மணிக்கு தோசை கேக்குறார், தூங்கவே மாட்டேங்குறார். அது எதுக்கு?

டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. கட்டியச் சுத்தி மூளை வீங்கும், ஆபரேஷனாலயும் கரண்டாலயும் வீங்கும், அந்த வீக்கத்த இறக்குறதுக்கு இது. தலைவலில சுருண்டு கிடந்தவர் ரெண்டு நாள்ல எழுந்து பேப்பர் படிக்கிறார்னா இந்தக் குட்டி மாத்திரைதான் காரணம். ஆனா இது கேக்குற வாடகையும் அதிகம். அகோரப் பசி, தூக்கம் போயிடும், சுகர் ஏறும், முகம் பூரி மாதிரி உப்பும், வாய்ல வெள்ளையா மாவு பூசின மாதிரி பூஞ்சை வரும், வயிறு எரியும் (அதுக்குத்தான் கூடவே கேஸ் மாத்திரை).

தூக்கத்துக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு வேளை டோஸ்னா ரெண்டாவத ராத்திரி 8 மணிக்கு கொடுக்காம மத்தியானம் 2 மணிக்குள்ள கொடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எங்களுக்கு மாத்திச் சொன்னாங்க, அன்னில இருந்து தோசைக்கல்லு ராத்திரி அடுப்புல ஏறல.

இன்னொண்ணு, பல பேர் பயப்படுறது. கொஞ்ச வாரத்துல தரையில உக்காந்தா எழ முடியாது, பாத்ரூம்ல கைய ஊனித்தான் எழுவார், படி ஏற முடியாது. கட்டி திரும்ப வந்துடுச்சோன்னு நெனைப்போம். ரெண்டு தொடையும் சேந்து ஒரே மாதிரி பலம் குறைஞ்சிருந்தா டெக்ஸா தசைய கரைச்சதாவும் இருக்கலாம், ஒரு கை ஒரு கால் மட்டும்னா வேற கதை. இந்த வித்தியாசத்த டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும். சேர்ல இருந்து எழுந்து உக்கார வைக்கிற பயிற்சி, வெஸ்டர்ன் டாய்லெட், செவத்துல ஒரு கைப்பிடி, இது மூணும் உடனே பண்ணிடுங்க.

சுகர் 400ஐ தாண்டிடுச்சு. அப்ப அந்த டெக்ஸாவ நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க. இத நான் பட்டுத்தான் சொல்றேன். உள்ளூர்ல சுகர் பாக்குற டாக்டர் "ஸ்டீராய்டு ஓடுற வரைக்கும் சுகர் இறங்காதும்மா"ன்னு சொன்னார், நான் அதுக்கு நிறுத்தணும்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு மாத்திரைய எடுத்து அலமாரி மேல வச்சிட்டேன். மூணாம் நாள் காலைல அப்பா கண்ணத் தொறக்கல, குடிச்ச தண்ணி அப்படியே வாந்தி, பிபி 80க்கு வந்துடுச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டாச்சு. ஆஸ்பத்திரில ஊசில டெக்ஸா, ட்ரிப்ஸ், இன்சுலின். மறுநாள் சாயந்திரம் எழுந்து உக்காந்து காபில சக்கரை பத்தலன்னு சத்தம் போட்டார்.

விஷயம் என்னன்னா, வெளில இருந்து ஸ்டீராய்டு வந்துட்டே இருந்தா உடம்பு தானா சுரக்கிறத நிறுத்திடும், திடீர்னு மாத்திரையும் போச்சுன்னா ரெண்டும் இல்லாம உடம்பு படுத்துடும். மூளை வீக்கமும் திரும்ப ஏறும். குறைக்கிறதா இருந்தா படிப்படியா, டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி மட்டும்தான். சுகருக்கு தனியா இன்சுலினோ மாத்திரையோ கொடுப்பாங்க, டெக்ஸா குறையக் குறைய அதையும் குறைக்கணும், இல்லன்னா சுகர் தாழ்ந்துடும். அதையும் கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

எங்கப்பா கெட்ட வார்த்தை பேசியே நான் கேட்டதில்ல. இப்ப அம்மாவ அடிக்க கை ஓங்குறார். இது அவர்தானா?

போன்ல அழுதுட்டே கேக்குற கேள்வி இதுதான், அதுவும் ராத்திரிலதான் வரும். இதுக்கு மூணு இடத்துல காரணம் தேடணும். ஒண்ணு டெக்ஸா, அது சிலர ஒரு நிமிஷம் சிரிக்க வச்சு அடுத்த நிமிஷம் சண்டைக்கு இழுக்கும். ரெண்டு, ஃபிட்ஸுக்கு கொடுக்கிற லெவெடிராசிட்டம், இதுவும் சிலருக்கு கோபத்தையும் எரிச்சலையும் கிளப்பும், நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, வேற மருந்துக்கு மாத்த வழி இருக்கு. மூணு, கட்டி நெத்திப் பக்கம் இருந்தா நம்மள கட்டுப்படுத்துற பிரேக் அங்கதான் இருக்கு, அது தேயும்.

எந்த மருந்து எந்த தேதில ஆரம்பிச்சது, கோபம் எந்த தேதில ஆரம்பிச்சது, இத ஒரு 40 பக்க நோட்டுல எழுதி டாக்டர் முன்னாடி வைங்க. "முன்ன மாதிரி இல்ல டாக்டர்"னு சொன்னா "அப்படித்தாம்மா இருக்கும்"னு முடிச்சிடுவாங்க, தேதிய காட்டினா நின்னு பாப்பாங்க. வீட்ல அந்த நேரத்துல எதிர்வாதம் பண்ணாதீங்க, டிவிய அமத்திட்டு பக்கத்து ரூமுக்கு போயிடுங்க. அம்மாகிட்ட மட்டும் தனியா உக்காந்து இது மருந்து பண்ற வேலைன்னு சொல்லுங்க, ஒரு தடவை போதாது, திரும்பத் திரும்ப சொல்லணும். எங்கம்மா 38 வருஷக் கணக்கையும் அந்த ஒரு வாரத்துல போட்டுப் பாத்துட்டாங்க.

ஃபிட்ஸ் வந்தா கைல இரும்பு சாவி கொடுக்கணுமா?

வேண்டாம். சாவி, வெங்காயம், பல்லுக்கு நடுவுல ஸ்பூன், வாய்ல தண்ணி, எதுவும் வேண்டாம். ஒருக்களிச்சு படுக்க வைங்க, தலைக்கு அடில ஒரு துண்டு, பக்கத்துல இருக்கிற ஸ்டூல் மேசைய நகத்திடுங்க, கைய கால அமுக்கிப் பிடிக்காதீங்க. உடனே போன்ல நேரத்த பாருங்க. 5 நிமிஷம் தாண்டினாலோ, முழிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்தாலோ 108. மூக்குல அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே வீட்ல வச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, எத்தனை தடவை அடிக்கணும்னு எழுதி பீரோ கதவுல ஒட்டிடுங்க, பதட்டத்துல எதுவும் ஞாபகம் வராது.

ஃபிட்ஸ் நின்ன பிறகு ஒரு பக்கம் கை கால் சில மணி நேரம் வராம இருந்து தானா திரும்புறதும் உண்டு. வருதான்னு வீட்ல உக்காந்து பாக்காம ஆஸ்பத்திரிக்கு சொல்லுங்க. அதோட, ஃபிட்ஸ் வந்ததும் கட்டி வளந்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. முதல்ல அந்த நாள் மாத்திரை டப்பாவ பாருங்க. கீமோ வாந்தில மாத்திரையும் வெளில வந்திருக்கும், இல்ல ஊருக்குப் போன இடத்துல ஒரு வேளை விட்டுப்போயிருக்கும்.

தட்டுல பாதி சோறு அப்படியே வைக்கிறார். பசி இல்லையா, இல்ல வேணும்னே பண்றாரா?

எந்தப் பாதின்னு பாருங்க! எங்கப்பா தட்டுல இடது பக்கம் வச்ச பொரியல தொடவே மாட்டார், "பொரியல் வைக்கலையா"ன்னு வேற கேப்பார். தட்டை அப்படியே திருப்பி வச்சா மளமளன்னு சாப்பிட்டு முடிப்பார். கட்டி வலது பக்கம் இருந்தா இடது பக்க உலகமே சிலருக்கு மூளைல பதியாது. கண்ணு நல்லாத்தான் இருக்கும், கண்ணாடிக் கடைக்குப் போய் பிரயோஜனம் இல்ல. இடது பக்க மீசைய மழிக்காம விடுவார், இடது செருப்ப போடாமலே கிளம்புவார். 31 வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டினவர், வண்டில ஒரு கீறல் விழ விட்டதில்லன்னு சொல்லிக்குவார், அவர் வீட்டு நிலைக்கதவுல தினமும் இடது தோள இடிச்சுக்கிட்டார். வண்டி சாவிய நாங்க ஒளிச்சு வச்ச அன்னிக்கு பேசவே இல்ல.

பக்கத்துல உக்காரும்போது அவருக்குத் தெரியுற பக்கம் உக்காந்து பேசுங்க, அவசரமான சாமான், தண்ணி, காலிங் பெல் எல்லாம் அந்தப் பக்கம். பயிற்சிக்கு மட்டும் தெரியாத பக்கம் நின்னு கூப்பிடச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பாங்க.

கரண்ட் முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகுது, எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல கட்டி பெருசாயிருக்குன்னு வந்திருக்கு. எல்லாம் வீணா?

ரிப்போர்ட்ட லேப் வாசல்ல பிரிச்சு இன்டர்நெட்ல தேடுறவங்கதான் நாம எல்லாரும், நானும் செஞ்சேன். கரண்ட் முடிஞ்ச முதல் 3 மாசத்துல எடுக்கிற ஸ்கேன் ஆளை ஏமாத்தும். கரண்ட்டும் மாத்திரையும் சேந்து அடிச்சதுல அந்த இடம் புண்ணாகி வீங்கி ஸ்கேன்ல கட்டி மாதிரியே வெள்ளையா மின்னும், சூடோப்ரோகிரஷன்னு சொல்வாங்க, பொய் வளர்ச்சி. கொஞ்ச நாள்ல தானா சுருங்கிடும். அதுல எம்ஜிஎம்டின்னு கட்டில பண்ற ஜீன் டெஸ்ட் மெத்திலேட்டட்னு வந்தவங்களுக்கு, அதாவது கீமோ மாத்திரை நல்லா கேக்கும்னு எதிர்பாக்குறவங்களுக்கு, இது இன்னும் அதிகமா வரும். நிஜமாவே வளந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, அத மறைக்கல. அந்த ஒரு படத்த மட்டும் வச்சு சொல்ல முடியாதுங்கிறதுதான் விஷயம். ரத்த ஓட்டத்த காட்டுற பெர்ஃபியூஷன் எம்ஆர்ஐ எடுக்கலாமா, இல்ல சில வாரம் விட்டு திரும்ப எடுத்துப் பாக்கலாமான்னு கேளுங்க. ஸ்கேன் அன்னிக்கு டெக்ஸா எத்தனை மில்லிகிராம் ஓடிட்டு இருந்துச்சுன்னு நோட்டுல இருந்தா படத்த படிக்கிறவங்களுக்கு உதவி, ஏன்னா டெக்ஸா கூடக் குறைய இருந்தா படமே மாறும்.

6 மாசம், ஒரு வருஷம் கழிச்சு வர்ற இன்னொண்ணு ரேடியேஷன் நெக்ரோசிஸ், கரண்ட் பட்ட இடம் செத்துப்போய் வீங்குறது. அதுக்கும் டெக்ஸா, கேக்கலன்னா பெவாசிசுமாப்னு ஒரு ஊசி. விலை அதிகம், ரத்தப்போக்கு ஆபத்தும் இருக்கு, கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நாள் பூரா தூங்கிட்டே இருக்கார். எழுப்பணுமா விடணுமா?

கூப்பிட்டா எழுந்து ஒழுங்கா பேசி, சாப்பிட்டு, திரும்ப தூங்குறார்னா கரண்ட் களைப்பா இருக்கலாம், கரண்ட் முடிஞ்ச பிறகும் பல வாரம் இருக்கும். அடுத்த விசிட்ல சொன்னா போதும்.

எழுப்பினாலும் முழிக்காம சொக்குறது, குழப்பமா பேசுறது, காலைல வாந்தியோட தலைவலி, நடை தள்ளாடுறது, புதுசா யூரின் கட்டுப்பாடு போறது, ஆபரேஷன் தையல்ல இருந்து தண்ணி மாதிரி கசியுறது, இதுல எதுவா இருந்தாலும் அன்னிக்கே கூட்டிட்டு போங்க. ரத்தத்துல சோடியம்ங்கிற உப்பு குறைஞ்சிருக்கலாம், மூளைல நீர் கோர்த்திருக்கலாம், இன்ஃபெக்ஷனா இருக்கலாம், மூளை நீர வடிக்கிற ஷன்ட் குழாய் வச்சவங்களுக்கு அது அடைச்சிருக்கலாம். நிறைய சரிபண்ணக்கூடியதுதான். "கேன்சர் பேஷன்ட், இப்படித்தான் இருப்பாங்க"ன்னு யாராவது சொன்னா சோடியம் பாத்தீங்களான்னு ஒரு தடவை கேளுங்க.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, எண்ணெய் தேச்சு உருவி விடலாமா?

உருவாதீங்க, நீவாதீங்க, அன்னிக்கே ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் ஸ்கேன். மூளைக் கட்டிக்காரங்களுக்கு கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுறது ரொம்ப சாதாரணமா வரும், உருவினா அந்த உறைஞ்ச ரத்தம் நுரையீரலுக்குப் போயிடலாம். திடீர் மூச்சு வாங்கல், நெஞ்சு வலி இருந்தா 108. ரெண்டு காலும் சமமா வீங்கியிருந்தா வேற காரணமா இருக்கலாம், அதையும் சொல்லுங்க.

கீமோ மாத்திரைதானே, வீட்லயே போடுறோம், எதுக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறாங்க? பிளேட்லெட்டுக்கு பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

மாத்திரைங்கிறதால சும்மா இல்ல. அந்த 5 நாள் மாத்திரை முடிஞ்சு வீட்ல எல்லாரும் நிம்மதியா இருக்கும்போதுதான், மாத்திரை ஆரம்பிச்ச நாள்ல இருந்து கிட்டத்தட்ட 21ல இருந்து 28 நாளுக்குள்ள, பிளேட்லெட்டும் வெள்ளை அணுவும் தரைக்கு வரும். காய்ச்சல் 100.4ஐ தொட்டா பாராசிட்டமால் கொடுத்துட்டு காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரின்னாலும் கிளம்புங்க. டெக்ஸா ஓடும்போது காய்ச்சலே வராமலும் இன்ஃபெக்ஷன் இருக்கும், அதனால புதுசா வறட்டு இருமல், மூச்சு வாங்கல் இருந்தாலே சொல்லிடணும். நிமோனியா வராம இருக்க செப்ட்ரான் வகை மாத்திரை சிலருக்குத் தருவாங்க, எழுதலன்னா கேட்டுக்கோங்க.

வெறும் வயித்துல, வாந்தி மாத்திரை போட்டு அரை மணியோ ஒரு மணியோ கழிச்சு, கேப்சூல பிரிக்காம உடைக்காம முழுசா. வாந்தி மாத்திரை மலச்சிக்கல் கொண்டு வரும், ஆரம்பத்துல இருந்தே அதுக்கு மருந்து வாங்கிக்கோங்க, நாலு நாள் போகாம இருந்தவர் படுற பாடு கீமோவ விட மோசம்.

பப்பாளி, கஷாயம், வைத்தியர் கொடுத்த பொடி, எல்லாம் எங்க வீட்டுக்கும் வந்துச்சு. கொண்டு வர்றவங்க பாசத்துலதான் கொண்டு வர்றாங்க. வாங்கி வச்சுக்கோங்க, டாக்டர்கிட்ட காட்டாம உள்ள கொடுக்காதீங்க, ஃபிட்ஸ் மருந்தோடயும் கல்லீரலோடயும் மோதலாம்.

பணத்துக்கு என்ன பண்றது?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேணும். கார்டு இருந்தா போதாது, அந்த ஆஸ்பத்திரில அந்தக் குறிப்பிட்ட ட்ரீட்மென்ட்டுக்கு அனுமதி இருக்கான்னு காப்பீட்டு கவுன்ட்டர்ல முதல்லயே கேளுங்க. 1954ல தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைன்னு வழி இருக்கு. ரயில்ல ட்ரீட்மென்ட்டுக்குப் போக கேன்சர் பேஷன்ட்டுக்கு ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசிலயும் டிக்கெட் இலவசம், கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி, ஆஸ்பத்திரி சான்றிதழ் வேணும்.

பேங்க்ல அப்பா கையெழுத்து மாறிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பவர் எழுதி வாங்கிக்கலாமா?

இத ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும், ஆனா யாருக்கும் அப்ப வாய் வராது. பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் சுய புத்தியோட இருக்கிற வரைக்கும்தான் செல்லும், மனநிலை போயிட்டா அதுவும் செல்லாது. தெளிவா இருக்கிற நாள்லயே அக்கவுன்ட்ட யாராவது ஒருத்தர் எடுக்கிற மாதிரி ஜாயின்ட்டா மாத்துங்க, எல்லாத்துக்கும் நாமினி போடுங்க, உயில் எழுதுறதா இருந்தா டாக்டர் சான்றோட எழுதுங்க. காலைல, டெக்ஸா வேலை செய்யுற நேரத்துல கூட்டிட்டு போங்க.

அப்பாகிட்ட உண்மைய சொல்லலாமா? சொந்தக்காரங்க யாரும் வேணாங்கிறாங்க.

எங்க வீட்லயும் "நீர்க்கட்டி"ன்னுதான் சொல்லி வச்சிருந்தோம். கரண்ட் வைக்கப் போன 12வது நாள், ஆட்டோல வரும்போது, "நீர்க்கட்டிக்கு எவனும் 30 நாள் கரண்ட் வைக்க மாட்டான், எத்தன மாசம்னு சொன்னாங்க?"ன்னு கேட்டார். பக்கத்துல உக்காந்திருந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த அவருக்கு மட்டும் மறைச்சிருக்கோம், வார்டுல அத்தனை பேரும் மாஸ்க்கோட உக்காந்திருக்காங்க.

அதனால என் அபிப்பிராயம், அவர் கேட்டா பொய் சொல்லாதீங்க. கேக்கலன்னா கொட்டவும் வேண்டாம். "என்ன தெரிஞ்சுக்கணும்பா?"ன்னு கேட்டு, கேட்ட அளவுக்கு மட்டும். மறதி, குழப்பம் அதிகமானவங்ககிட்ட தினமும் புதுசா சொல்லி தினமும் அழ வைக்கிறதுல அர்த்தம் இல்ல, அங்க மட்டும் நான் மாத்திச் சொல்வேன்.

"இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. கைவிட்டுட்டாங்களா?

கட்டிக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்சுது, அவருக்கு முடியல. வலி, ஃபிட்ஸ், வாந்தி, தூக்கம் இதுக்கெல்லாம் பாலியேட்டிவ் கேர்னு தனி டாக்டர்களே இருக்காங்க, கடைசி வாரத்துல தேடாம இப்பவே சேந்துடுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வர்றாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க.

கேட்டு வச்சுக்க வேண்டியது ஒண்ணு முக்கியம்: முழுங்க முடியாமப் போனா ஃபிட்ஸ் மருந்தையும் டெக்ஸாவையும் என்ன பண்றது? அந்த நாள் வரும், அன்னிக்கு மாத்திரைய கரைச்சு வாய்ல ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். தோலுக்கு அடில போடுற ஊசி, கன்னத்துல வைக்கிற மருந்துன்னு மாற்று இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்கும். மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவார்ங்கிறது தப்பு, டாக்டர் சொன்ன அளவுல வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் அது நல்ல மருந்து.

மிச்சம் இருக்கிற மாத்திரையெல்லாம் என்ன பண்றது அக்கா?

கீமோ கேப்சூல சாக்கடைலயோ குப்பைலயோ போடாதீங்க, பிரிஞ்சது இருந்தா வெறும் கைல தொடாதீங்க, ஒரு கவர்ல போட்டு ட்ரீட்மென்ட் எடுத்த ஆஸ்பத்திரி பார்மசில கொடுங்க. பிரிக்காத டப்பாவா இருந்தா வேற யாருக்காவது ஆகும்னு தோணும், ஆனா நேரா எந்த பேஷன்ட் கைலயும் கொடுக்காதீங்க, அங்க இருக்கிற சோஷியல் வொர்க்கர்கிட்ட சொன்னா அவங்க டாக்டர கேட்டு முடிவு பண்ணுவாங்க. வாக்கர், ஏர் பெட், யூரின் கேன் எல்லாம் டெட்டால் போட்டுத் துடைச்சு கொடுக்கலாம், எங்க வாக்கர் இப்ப மூணாவது வீட்ல இருக்கு. டெக்ஸா மிச்சத்த மட்டும் முட்டி வலிக்கு நல்லதுன்னு யாராவது கேப்பாங்க, எங்கத்தை கேட்டாங்க. கொடுக்காதீங்க.